கொல்லையில் ஒரு விளக்கு

செவிலிமேட்டில் எங்கள் தெருவில் தனலட்சுமி அம்மாவைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் ஒரு சிரிப்பு சிரிப்பார்கள். அப்புறம்தான் பேச ஆரம்பிப்பார்கள். என் எதிரில் மட்டும் சிரிக்க மாட்டார்கள். வேலாயுதம் மகள் கலைவாணிக்கு மூக்கு மேலே கோபம் என்று தெரு முழுக்கத் தெரியும். ஏனாத்தூருக்கு பஸ்ஸில் போய் பி.காம். படித்தும் அந்தக் கோபம் குறையவில்லை என்று எங்கம்மாவே சொல்லும்.

தனம்மா சமணக் குடும்பம். பாலாற்றுக்குத் தெற்கே ஒரு கிராமத்தில் நெல்லும் வேர்க்கடலையும் போட்டுக்கொண்டிருந்த வீட்டில் பிறந்தவர். அவர் வீட்டுக்காரர் பாலசந்திர நயினார் காஞ்சிபுரத்தில் விதைக்கடை வைத்தபோது இங்கே வந்து, தெருவின் மேட்டுப் பக்கமாக ஒரு வீடு கட்டிக்கொண்டார்கள். மகள் நிரஞ்சனாவுக்குக் கல்யாணமாகி பெங்களூரில் இருக்கிறாள். இப்போது அந்த வீட்டில் இருப்பது இரண்டு பேர்தான்.

சிரிப்பதற்குத் தெருவுக்குக் காரணமா இல்லை? கிணற்றுத் தண்ணீரை வெள்ளைத் துணியில் வடிகட்டுவார். அதோடு விடுவாரா? துணியில் தங்கிய தூசு துரும்பை, அதில் ஏதாவது உயிர் இருந்துவிடப் போகிறதென்று, திரும்பக் கிணற்றிலேயே அலசி விடுவார். வாசல் பெருக்கும்போது எறும்பு வரிசை வந்தால் துடைப்பத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, ஊர்வலத்துக்கு வழிவிட்ட போலீஸ்காரர் மாதிரி நிற்பார். கொசுவத்தி கிடையாது. பூண்டு, வெங்காயம், கிழங்கு எதுவும் அந்த வாசற்படி ஏறாது. எல்லாவற்றையும்விட முக்கியம், பொழுது சாய்ந்தால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. நெருப்பைத் தேடிப் பூச்சி வந்து அதில் விழுந்து சாகும், அந்தப் பாவம் வேண்டாம் என்பார். வெளிச்சம் இருக்கும்போதே சமைத்து, சாப்பிட்டு, பாத்திரம் கழுவிக் கவிழ்த்துவிடுவார். "நயினார் வீட்டுக்கு விருந்துக்குப் போறதுன்னா ஆபீசுக்கு அரை நாள் லீவு போடணும்பா" என்று தெருவில் ஒரு பேச்சே உண்டு.

எங்கப்பாவுக்கு மட்டும் அது சிரிப்பாக இல்லை. அதற்குக் காரணம் ஒரு சேலை.

நிரஞ்சனாவுக்குக் கல்யாணம் நிச்சயமான சமயம். அப்பா அப்போதுதான் மாம்பழ நிறத்தில், அரக்குக் கரை வைத்து ஒரு பட்டுச் சேலை நெய்து முடித்திருந்தார். தறியிலிருந்து அறுத்து மடித்ததும் தெருவே வந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனது. நயினார் வீட்டுப் பெண்ணுக்கு இது பொருந்தும் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. யாரும் கேட்கவில்லை. அவராகவே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார். தனம்மா உட்காரச் சொல்லி மோர் கொடுத்திருக்கிறார். சேலையைப் பிரித்ததும் கண் விரியப் பார்த்திருக்கிறார். ஆனால் கையை நீட்டவில்லை.

"ரொம்ப அழகா இருக்குதுண்ணா. ஆனா நாங்க பட்டு கட்டறதில்ல. கூட்டுக்குள்ள இருக்கற புழுவோட சேத்துக் கொதிக்கற தண்ணில போட்டுத்தானே இழை எடுக்கறாங்க" என்றாராம்.

அப்பா வீட்டுக்கு வந்த வேகத்தில் செருப்பு ஒன்று வாசலிலும் ஒன்று நடையிலும் விழுந்தது.

"பட்டு ஊர்ல குந்திக்கினு பட்டு பாவமாம்! அந்தப் பாவத்துலதான் நம்ம வீட்டு அடுப்பு எரியுது, அது தெரியுமா அந்தம்மாவுக்கு? புழுவுக்குப் பரிஞ்சிக்கினு வராங்களே, அத நெய்யறவன் வயித்தப் பத்தி எவனாவது ஒரு வார்த்த கேட்டானா?"

நான் சும்மா இருந்திருக்கலாம். "அப்பா, புழுவ நெசமாவே கொதிக்க வெக்கறாங்களா?" என்று கேட்டு வைத்தேன்.

"நாம வெக்கலடி! பெங்களூருக்கு அந்தாண்ட எங்கியோ வெக்கறாங்க. நம்மகிட்ட வரும்போது அது வெறும் நூலு" என்று கத்தினார். அன்றையிலிருந்து தனம்மா எதிரே வந்தால் அப்பா தெருவின் மறுபக்கம் போய்விடுவார். அந்தம்மா "நல்லா இருக்கீங்களாண்ணா" என்று கேட்டால் பதில் சொல்லாமல் வானத்தைப் பார்ப்பார்.

இப்படிச் சில வருஷம் ஓடிப்போயிற்று. எனக்குக் கல்யாணம் ஆகி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தேன். என் வீட்டுக்காரர் ஜெயக்குமாருக்கு ஒரகடத்தில் கம்பெனி வேலை. பெண் குழந்தை பிறந்தது. குழந்தையை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, தீட்டு கழிகிறதுக்கு முன்னாலேயே அந்த மழை பிடித்துக்கொண்டது.

மழை என்றால் அப்படி ஒரு மழை. ஏரி நிரம்பி, வாய்க்கால் கரை உடைந்து, தெருவின் பள்ளத்துப் பக்கம் முழுக்கத் தண்ணீர். எங்கள் வாடகை வீடு அந்தப் பள்ளத்தில்தான். எங்களுடையது குழித்தறி. தரையில் வெட்டிய குழிக்குள் காலை விட்டு உட்கார்ந்துதான் நெய்ய வேண்டும். முதலில் அந்தக் குழியில்தான் தண்ணீர் ஊறியது. அப்பா பாதி நெய்த பாவு நூலைக் கழற்றிப் பரண்மேல் ஏற்றுவதற்குள் தண்ணீர் அடுப்பங்கரைக்கு வந்துவிட்டது. அரிசி டப்பா மிதந்தது. காலையில் குடித்த ஒரு டம்ளர் பாலுக்குப் பிறகு என் வயிற்றில் ஒன்றும் போகவில்லை. சாயங்காலம் அம்மா குழந்தையைத் தூக்கிக்கொள்ள, அப்பா என் கையைப் பிடித்துக்கொள்ள, முழங்கால் தண்ணீரில் வெளியே இறங்கினோம்.

முதலில் பக்கத்திலிருந்த கல்யாண மண்டபத்துக்குப் போனோம். தெருவில் பாதிப் பேர் அங்கேதான் இருந்தார்கள். வாசலில் நின்ற மேனேஜர், எங்கம்மா கையிலிருந்த மூட்டையைப் பார்த்தார். மூட்டை அழுதது.

"எத்தினி நாள் குழந்தைமா? தீட்டு கழிஞ்சிதா?"

எங்கம்மா தேவகிக்குப் பொய் வராது. "இன்னும் இல்லப்பா" என்றது.

"தப்பா நெனச்சிக்காதீங்க. மழை விட்டா நாளான்னிக்கு இங்க முகூர்த்தம். பொண்ணு வூட்டுக்காரங்க கேட்டா நான் இன்னா சொல்றது? நீங்களும் அண்ணனும் உள்ள வாங்க. பிள்ள பெத்த பொண்ண மட்டும் வேற எங்கனா..."

"வேற எங்கனான்னா? ஆத்துலயா?" என்றார் அப்பா.

அம்மா அதுவரை யாரையும் எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. "ஏன்பா, உன்னப் பெத்தப்போ உங்கம்மாவுக்குத் தீட்டு இல்லியா? நீ இன்னா மழையில மொளச்ச காளானா?" என்று கேட்டுவிட்டது. மேனேஜர் தலையைக் குனிந்துகொண்டார். ஆனால் வழியை விட்டு நகரவில்லை. உள்ளே இருந்த எங்கள் தெருக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள், அப்புறம் எங்கோ பார்த்தார்கள். பேசினால் தங்களையும் மழையில் அனுப்பிவிடுவாரோ என்று அவர்களுக்குப் பயம். எனக்கு அழுகை வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. கல்யாணம் நடப்பதே பிள்ளை பெறத்தானே, பெற்றவள் மட்டும் ஆகாதா?

திரும்பி நடந்தோம். கரண்ட் இல்லை. தெரு முழுக்க இருள் இறங்கிக்கொண்டிருந்தது. மேட்டில் நயினார் வீட்டில் மட்டும் இன்வெர்ட்டர் இருந்ததால் டியூப்லைட் எரிந்தது.

"அங்க மட்டும் வேணாம்" என்றார் அப்பா.

"உங்க ரோசத்த இந்தத் தண்ணியில வுட்டுடுங்க. பொண்ணு நிக்க முடியாம நிக்கறா" என்றது அம்மா.

தனம்மா வாசலிலேயே நின்றிருந்தார். எங்களைப் பார்த்ததும் கேட்டைத் திறந்தார். நான் உள்ளே போகாமல் அப்படியே நின்றேன். மண்டபத்தில் பட்டது போதும், இங்கேயும் உள்ளே போன பிறகு வெளியே அனுப்பவேண்டாம் என்று முதலிலேயே சொன்னேன். "எனக்கு இன்னும் தீட்டு கழியலைங்க."

"குழந்தை நனையுது, வாசல்ல நின்னுக்கினு இன்னா பேச்சு? உள்ள வாம்மா" என்றார்.

கூடத்தில் பாய் போட்டார். எனக்கு உலர்ந்த சேலை கொடுத்தார். துவைத்துத் துவைத்து மெத்தென்று ஆகியிருந்த தன் பழைய பருத்திச் சேலையைக் கிழித்துக் குழந்தைக்குச் சுற்றினார். வாழைப்பழமும், ஊறவைத்த அவலில் வெல்லம் போட்டதும் வந்தது. நான் கையை நீட்டியதும் அம்மா தடுத்தது.

"பச்ச ஒடம்பு. ஜில்லுனு எதுவும் குடுக்கக் கூடாதுங்க. ஜன்னி கண்டுடும்."

குழந்தையை மார்பில் போட்டேன். உறிஞ்சி உறிஞ்சிப் பார்த்துவிட்டு வீறிட்டது. பால் இல்லை. வயிறு காய்ந்து கிடப்பவளுக்கு எங்கிருந்து பால் வரும்? குழந்தை தொண்டை கம்மக் கம்ம அழுதது. அதன் உதடு உலர்ந்து போயிருந்ததைப் பார்த்து எனக்கு முதல் தடவையாகப் பயம் வந்தது.

அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டது. "சூடா எதனா... ஒரு டம்ளர் கஞ்சி... பொண்ணு குடிச்சாதான் கொழந்தைக்குப் பால் எறங்கும்."

தனம்மா அடுப்பங்கரையைத் திரும்பிப் பார்த்தார். பாத்திரங்கள் கழுவிக் கவிழ்த்திருந்தன. அப்புறம் தலைக்கு மேலே டியூப்லைட்டைப் பார்த்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. விட்டதும் எங்கிருந்துதான் வருமோ அவ்வளவு ஈசல்! தெருவில் எரிகிற ஒரே விளக்கு அதுதான். அதனால் செவிலிமேட்டு ஈசல் முழுக்க அந்தக் கூடத்துக்கு வந்து விளக்கில் மோதி மோதி விழுந்துகொண்டிருந்தது. தரையெல்லாம் இறகு. இந்த நேரத்தில் அடுப்பு மூட்டினால் எத்தனை விழும் என்று அவர் நினைப்பது முகத்திலேயே தெரிந்தது. எங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

"இருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, "ஏங்க, இங்க கொஞ்சம் வாங்க" என்று நயினாரைக் கூப்பிட்டுக்கொண்டு உள்ளே போனார்.

கொஞ்ச நேரத்தில் கூடத்து விளக்கு அணைந்தது. அடுத்து நடை விளக்கு. அடுத்து வாசல் விளக்கு. வீடு முழுக்கக் கும்மிருட்டு.

"கரண்ட் பூடுச்சோ?" என்றது அம்மா.

"இல்ல. இன்வெர்ட்டர்ல பச்ச லைட்டு எரியுது பாரு. அணைச்சிருக்காங்க" என்றார் அப்பா. "லைட்ட அணைச்சா இன்னா அர்த்தம்? போன்னு அர்த்தம். மண்டபத்துக்காரன் வாயால சொன்னான், இவங்க சுவிட்சால சொல்றாங்க."

"கத்தாதீங்க, காதுல வுழப் போவுது."

"வுழட்டும்! எறும்புக்கு வழி வுடறவங்க, கொசுவுக்கு அழுவறவங்க, ஒரு பச்சக் கொழந்தைக்கு ஒரு டம்ளர் சுடுதண்ணி வெச்சித் தர மாட்டாங்களா? பூச்சியவிடக் கேடுகெட்டுப் பூட்டமா நாங்க? எழுந்திரு கலைவாணி. பெரிய காஞ்சிபுரம் வரிக்கும் நடந்தாவது போலாம். ஊர்ல ஒரு மனுசன் இல்லாமயா பூடுவான்?"

கொண்டுவந்திருந்த துணி மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டார். குழந்தையை என்னிடமிருந்து வாங்கக் கையை நீட்டினார். வெளியே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்டது. இருட்டில், அந்தத் தண்ணீரில், இந்தக் குழந்தையோடா? "நான் வரல. போன்னா அவங்க மூஞ்சிக்கு நேரா வந்து சொல்லட்டும். அப்ப போறேன்" என்றேன்.

அப்போதுதான் அந்த வாசனை வந்தது. வறுத்த அரிசியும் சீரகமும். அப்புறம் மிளகு, சுக்கு. பின்னாலேயே நெய்.

அப்பா கை நீட்டியபடியே நின்றார்.

இருட்டுக்குள்ளிருந்து தனம்மா வந்தார். உருவம் தெரியவில்லை, வளையல் சத்தம்தான் தெரிந்தது. "சத்தம் போடாதீங்கண்ணா, குழந்தை பயந்துக்கும்" என்றார். அப்புறம் என் கையைத் தேடிப் பிடித்து, துணி சுற்றிய ஒரு டம்ளரை வைத்தார். "ஆத்தித்தான் எடுத்துக்கினு வந்தேன். மெதுவா குடி. வீட்ல பூண்டு இல்லம்மா, சுக்கு போட்டிருக்கேன்."

குடித்தேன். அந்தக் கஞ்சி தொண்டையில் இறங்கியதை இப்போது நினைத்தாலும் எனக்குக் கண் கலங்கும். என்னென்ன விருந்து சாப்பிட்டிருக்கிறேன், என் கல்யாணச் சாப்பாடுகூட எனக்கு ஞாபகம் இல்லை. அந்தக் கஞ்சி ஞாபகம் இருக்கிறது. ஒரு டம்ளர் முடிந்ததும் இன்னொன்று வந்தது. அப்புறம் குழந்தையை மறுபடி மார்பில் போட்டேன். கொஞ்ச நேரம் முட்டியது, அப்புறம் அழுகை நின்றது. இருட்டில் அது முழுங்குகிற சத்தம் மட்டும் கேட்டது. அம்மா, "பெருமாளே, வரதராஜா" என்று சொல்லிக்கொண்டே அழுதது.

அப்பா அடுப்பங்கரைப் பக்கம் போய் எட்டிப் பார்த்தார். ஜன்னல் கதவெல்லாம் சாத்தி, இண்டு இடுக்கில் ஈரத் துணி அடைத்திருந்தது. உள்ளே விளக்கு இல்லை. கேஸ் அடுப்பின் நீலம் மட்டும். அதையும் ஒரு பெரிய பாத்திரத்தைச் சாய்த்துவைத்து மறைத்திருந்தார். இருட்டில் கையால் தடவியே தனம்மா சமைத்திருக்கிறார். சரி, ஈசல் எங்கே? பின் கதவுச் சந்தில் வெளிச்சம் தெரிந்தது. அப்பா கதவை லேசாகத் திறந்தார்.

கொல்லையில், துணி காயப்போடுகிற கொடியில், நீளமாக வயர் இழுத்து ஒரு குண்டு பல்பு கட்டியிருந்தது. அதைச் சுற்றி ஈசல் மொய்த்துக்கொண்டிருந்தது. கூடத்தில் இருந்ததும், தெருவில் இருந்ததும், எல்லாம் அங்கே போய்விட்டது. விளக்குகளை அணைத்தது எங்களைப் போகச் சொல்ல அல்ல, ஈசலை வெளியே போகச் சொல்ல. பாலசந்திர நயினார் ஒரு குடையைப் பிடித்துக்கொண்டு, பல்பில் தூறல் விழாமல் காவல் நின்றிருந்தார்.

அப்பா பல்புக்குக் கீழே குனிந்து பார்த்தார். தரையைக் காட்டி, "தவள வந்துடுச்சே நயினாரே, ஈசலப் புடிச்சித் திங்குதே" என்றார்.

"அது தவள பாடு முதலியாரே" என்றார் நயினார். "எங்க வீட்டு அடுப்புல வுழல, அவ்ளோதான் எங்களால முடிஞ்சது."

அப்பா திரும்பி வந்து மூட்டையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தார். அவருக்கும் கஞ்சி வந்தது. மறுபேச்சில்லாமல் குடித்தார்.

மறுநாள் விடிந்து வெயில் எட்டிப் பார்த்ததும் தனம்மா பொங்கல் வைத்தார். எங்களை உட்காரவைத்துப் பரிமாறினார். மத்தியானம் ரசம் சாதம், பாசிப்பயறு. குழந்தைக்கு அவரே வெந்நீர் வைத்துக் குளிப்பாட்டினார். நாள் முழுக்க நின்றுகொண்டேதான் இருந்தார். "நீங்களும் உக்காருங்க" என்று அம்மா கூப்பிடும்போதெல்லாம் "ஆகட்டும், ஆகட்டும்" என்றார்.

சாயங்காலம் அப்பா கொல்லையில் ஈசல் இறகைக் கூட்டிக்கொண்டிருந்தார். யாரும் சொல்லவில்லை, அவராகவே துடைப்பத்தை எடுத்துக்கொண்டார். எறும்பு மேய்கிற இடத்தை மட்டும் விட்டுவிட்டுப் பெருக்குவதை நான் ஜன்னல் வழியே பார்த்தேன். நயினார் வயரைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

"அம்மா காலையிலேருந்து ஒண்ணும் சாப்பிட்ட மாதிரி தெரியலியே" என்றார் அப்பா.

"இன்னிக்கு அவளுக்கு உபவாசம்."

"இன்னா விசேசம்?"

"விசேசம் ஒண்ணும் இல்ல. நேத்து பொழுது சாஞ்சப்புறம் அடுப்பு மூட்டினா இல்ல, அதுக்குத்தான். இத்தினி வருசத்துல அவ இருட்டுனப்புறம் அடுப்பு மூட்டினது நேத்துதான். எவ்ளோ மறைச்சாலும் ஒண்ணு ரெண்டு வுழுந்திருக்கும்னு சொல்றா. நாளைக்குப் பொழுது விடிஞ்சாதான் சாப்புடுவா."

அப்பா துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்தார். அடுப்பங்கரை வாசலில் நின்றார். உள்ளே தனம்மா எனக்குக் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தார். வெளிச்சம் போவதற்குள் முடித்துவிட அவசரம்.

"எங்களால நீங்க பட்டினி கெடக்கணுமாம்மா?" என்றார் அப்பா. நேருக்கு நேர் அவர் தனம்மாவிடம் பேசியது பல வருஷங்களுக்கு அப்புறம் அதுதான் முதல் தடவை.

"உங்களால இல்லண்ணா. அடுப்ப மூட்டுனது நான்" என்றார் தனம்மா. கரண்டியை நிறுத்தவில்லை. "பூச்சி செத்திருந்தா அது பாவம்தான், இல்லன்னு சொல்ல மாட்டேன். அதுக்காக ஒரு பிள்ள பெத்தவள வயிறு காய வுட முடியுமா? இன்னிக்கு ராத்திரியே வேற யாராவது வந்து நின்னாலும் மூட்டுவேன். நாளைக்கும் பட்டினி கெடப்பேன். நீங்க போய் ஒக்காருங்க, கஞ்சி ஆயிடுச்சி."

அப்பா போய் உட்காரவில்லை. தெரு வாசலுக்குப் போய் வெகுநேரம் தண்ணீரையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கும் அன்றைக்குக் கஞ்சி லேசில் இறங்கவில்லை. ஆனால் மிச்சம் வைக்காமல் குடித்தேன். அதை மிச்சம் வைத்தால் நான் மனுஷியே இல்லை.

தண்ணீர் வடிந்தது. குழி காய்ந்து, தறியை மறுபடி பூட்டினோம். ஒப்புக்கொண்ட சேலைகளை நெய்து கொடுத்த கையோடு, அப்பா ஒருநாள் ஐயம்பேட்டைக்குப் போய்ப் பருத்தி நூல் வாங்கிக்கொண்டு வந்தார். எங்கள் வீட்டுத் தறி பட்டைத் தவிர வேறு எதையும் பார்த்ததில்லை.

"இன்னா வேலாயுதம், பட்ட வுட்டுட்டுத் துண்டு நெய்யப் போறியா?" என்று தெரு கேட்டது.

"ஆமா, உன் வாயக் கட்ட" என்றார் அப்பா.

பச்சை உடம்பு ஆறி, நான்தான் பக்கத்தில் உட்கார்ந்து கரை இழை ஓட்டுகிற நாடாவை எறிந்தேன். உடல் இளம்பச்சை, கரை கருநீலம். கரையில் மெல்லிசாக ஒரு சரிகைக் கோடு. ஒரு சாண் நெய்திருப்போம். சரிகை ஒரு இடத்தில் லேசாகப் பிசிறி, உள்ளே சிவப்பாக ஒரு இழை நீட்டிக்கொண்டிருந்தது.

"அப்பா, சரிகைக்குள்ள இருக்கற இந்தச் செவப்பு இழை இன்னா?"

"பட்டு..." என்று சொல்லிக்கொண்டே கால் மிதிப்பதை நிறுத்தினார். பட்டு இழைமேல் வெள்ளி சுற்றித்தான் சரிகை. பிறந்ததிலிருந்து சரிகையோடு கிடக்கிற மனுஷன், பட்டை விலக்க வேண்டும் என்று ஐயம்பேட்டை வரைக்கும் போய் நூல் வாங்கியவர், பட்டைச் சரிகைக்குள் ஒளித்துவைத்து நெய்துகொண்டிருந்தார்! சரிகை இல்லாத சேலை அவர் கைக்குத் தெரியாது. தலையில் பட்டென்று ஒரு போடு போட்டுக்கொண்டார்.

"போனா போவுது, அவங்களுக்கு எங்க தெரியப் போவுது" என்று அம்மா சொன்னது.

"எனக்குத் தெரியுதே" என்றார் அப்பா. அந்த ஒரு சாணையும் அறுத்துப் போட்டுவிட்டு, சரிகைக்குப் பதில் மஞ்சள் நூல் கோத்து, மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார். நான் முணுமுணுத்தேன்.

சேலையை எடுத்துக்கொண்டு மூன்று பேரும் குழந்தையோடு போனோம். அப்பா பிரித்துக் காட்டினார். தனம்மா இந்தத் தடவையும் உடனே கையை நீட்டவில்லை. கரையில் ஓடிய கோட்டைத்தான் பார்த்தார்.

"சுத்தமான பருத்திம்மா. கோடு சரிகை இல்ல, மஞ்ச நூலு. சரிகைக்குள்ள பட்டு இருக்குது, அதான் போடல."

"சரிகைக்குள்ள பட்டா?" என்று பதறிப்போய் தனம்மா தான் கட்டியிருந்த சேலையின் கரையைத் தூக்கிப் பார்த்தார். அதிலும் ஒரு தங்கக் கோடு ஓடியது.

"பயப்படாதீங்க, அது பிளாஸ்டிக்கு" என்றார் அப்பா.

நயினார் சிரித்தார், அம்மா சிரித்தது, தனம்மாவுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டே சேலையைத் தொட்டார். முந்தானையிலிருந்து கடைசி வரைக்கும் விரலால் தடவிக்கொண்டே வந்தவர், கடைசியில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எனக்குன்னு யாரும் இப்படி யோசிச்சி செஞ்சதில்லண்ணா. ஊர்ல எல்லாரும் சிரிப்பாங்க, அவ்ளோதான்" என்றார். குழந்தையை அவர் மடியில் போட்டேன்.

"ஒரு நாள் நம்ம வூட்டுக்கு வந்து ஒரு வாய் சாப்புடணும்" என்றார் அப்பா.

தனம்மா வெளியே எங்கேயும் சாப்பிடுகிறவர் இல்லை. ஆனாலும் சரி என்றார்.

அந்த நாளுக்கு எங்கம்மா வெங்காயக் கூடையையும் பூண்டையும் பக்கத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது. பாத்திரங்களை இரண்டு தரம் துலக்கியது. தண்ணீரை வடிகட்டியது. வடிகட்டிய துணியைக் கையில் வைத்துக்கொண்டு, "எங்க வூட்ல கெணறு இல்லியே, இத எங்க அலசறது?" என்று தவித்தது. வாழைக்காய் வறுவல், மிளகுக் குழம்பு, பாசிப்பருப்புப் பாயசம் எல்லாம் மத்தியானமே தயார். தனம்மா இளம்பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, நயினாரோடு தெருவில் நடந்து வந்தார். தெரு பார்த்தது. யாரும் சிரிக்கவில்லை.

வந்தவர்கள் குழந்தையைக் கொஞ்சிக் கொஞ்சி, பேச்சு நீண்டு, இலை போடச் சாயங்காலமாகிவிட்டது. தனம்மா சாதத்தைப் பிசையும்போதே வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தார். அவர் பார்த்ததை அப்பா பார்த்துவிட்டார்.

எங்கப்பா ராத்திரி ஒன்பது மணிக்கு முன்னால் சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அவர் தன் இலையை விட்டு எழுந்து, எச்சில் கையோடு வாசலில் போய் நின்றார். மேற்கே ஆற்றங்கரைத் தென்னைகளுக்கு மேலே சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. கண்ணுக்கு மேல் இடது கையை வைத்து அதையே பார்த்துக்கொண்டு, உள்ளே திரும்பாமல் குரல் கொடுத்தார்.

"இன்னும் வெளிச்சம் இருக்குதும்மா. அவசரப்படாம சாப்புடுங்க. நான் பாத்துக்கினுதான் இருக்கறேன்."